குறிக்கோள் சொன்ன வாய்

அந்த வீட்டில் சித்திக்கும் தையல்காரிக்கும் ஆகாது. சித்தி அடுப்படியை ஆள்கிறவள். தையல்காரி அடுப்படியை ஒட்டிய கூடத்து மூலையில், ஜன்னலடியில், மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டவள். வெளிச்சம் அங்கேதான் விழுகிறது என்பது தையல்காரியின் நியாயம். அங்கே தைத்தால் சோற்றில் நூல் விழுகிறது என்பது சித்தியின் நியாயம். மூன்று வருஷமாக இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்த்து வைக்க வேண்டிய மேல்மாடிக்காரர்கள் இந்தப் பக்கம் ஒரு தலையாட்டல், அந்தப் பக்கம் ஒரு தலையாட்டல் என்று ஆட்டிவிட்டு மாடியேறிப் போய்விடுவார்கள்.

வீடு ஒரு டாக்டருடையது. புருஷன் அடித்துத் துரத்தியவர்கள், பிள்ளைகள் கைகழுவி விட்டவர்கள், போக்கிடமில்லாத பெண்கள் என்று யார் வந்தாலும் கீழ்த்தளத்தில் பாயும் தட்டும் கொடுத்துத் தங்க வைத்துக்கொண்டார் அந்த மனுஷன். பிறகு அதற்கு ஓர் அறக்கட்டளை, வாசலில் ஒரு பெயர்ப்பலகை, வெளியிலிருந்து நன்கொடை என்று எல்லாம் வந்தது. குடும்பம் மேலே, வந்தவர்கள் கீழே. போன வருஷம் டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு மேலே இரண்டே பேர்தான். ஒன்று டாக்டரின் மனைவி. ஊருக்கெல்லாம் டாக்டரம்மா, சித்திக்கு மட்டும் அக்கா. இன்னொன்று மகள். முப்பது வயசு தாண்டியும் அவள் பேர் பாப்பாதான். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சித்தி என்பது பாப்பா வைத்த பேர். நடக்கப் பழகுகிற வயசில் அவளுக்குச் சோறு ஊட்டியது இந்தக் கைதான். சரியாகச் சொன்னால் இடது கை. வலது மணிக்கட்டை இவளுடைய புருஷன் முறித்திருந்தான். டாக்டரிடம் கட்டுப்போட வந்தவள், கட்டுப் பிரிக்கிறவரை இருக்கட்டும் என்று தங்க வைக்கப்பட்டாள். சும்மா இருக்க முடியாமல் இடது கையால் கரண்டியைப் பிடித்தாள். கட்டுப் பிரித்தாயிற்று, கரண்டி மட்டும் கை மாறவில்லை. அத்தனை பேருக்கும் காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும், ராத்திரி ரொட்டி. அண்டாவைத் தூக்கி இறக்கி அவள் தோள் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. இந்த வீட்டில் தான் யார் என்று அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பணம் கொடுக்கிறவர்கள்தான் முதலில் கேள்வி கேட்டார்கள். உங்கள் அமைப்பின் குறிக்கோள் என்ன, அதைத் தெளிவாக ஒரு வரியில் சொல்லுங்கள், சொன்னால்தான் மேற்கொண்டு உதவி என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அப்பா இருந்தவரை குறிக்கோள் என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. கதவைத் தட்டினால் திறப்பது, அவ்வளவுதான். ஒரு வரியை எழுதிக் கொடுக்க ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு வெள்ளைப் பலகை. வந்த அன்றே கீழே இருந்த பெண்கள் அவருக்குக் குறிக்கோள்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆள் மோசமில்லை. ஒரு வாரம் அங்கேயே சுற்றி, ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசினார். அடுப்படிக்கும் வந்தார். இவ்வளவு பேருக்கு ஒருத்தியா சமைக்கிறீர்கள் என்று அவர் வாயைப் பிளந்ததும் சித்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்த கதை, முதன்முதலாக இந்த வாசற்படி ஏறியதே தான்தான் என்ற கதை, அப்போது பெயர்ப்பலகைகூடக் கிடையாது என்ற கதை எல்லாவற்றையும் டீயோடு சேர்த்து ஊற்றினாள். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் நடந்த நாளில் விடிந்ததே சண்டையில்தான். கூட்டம் இருந்ததால் ராத்திரி ரொட்டிக்குக் காலையிலேயே மாவு பிசைந்துகொண்டிருந்த சித்தியின் விரலில் ஒடிந்த ஊசி முனை ஏறிவிட்டது. மாவெல்லாம் ரத்தமாயிற்று. மாவை அப்படியே கொட்டிவிட்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து கத்தினாள். யார் தொண்டையிலாவது போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தன் ஊசி ஒடியவே இல்லை என்று தையல்காரி சாதித்தாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். சித்தி அவளைத் தின்னிமாடு என்றாள். அவள் சித்தியைச் சட்டிக்குக் காவல் இருக்கிற பூதம் என்றாள். குறிக்கோள்காரர் பலகையோடு உள்ளே வந்ததால் அதோடு நின்றது.

கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த அமைப்பு எதற்காக இருக்கிறது? அன்றைக்கென்று மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்டிருந்த அக்கா, ஆதரவில்லாதவர்களுக்கு ஆதரவு என்றாள். அவர் அதைப் பலகையில் எழுதினார். அடுத்த வருஷம் இதே நாளில், ஆதரவு கொடுத்தாயிற்றா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள் அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா பாப்பாவைப் பார்த்தாள். அழித்தார். பாப்பா கண்ணியம் என்றாள். அதற்கும் அதே கேள்வி, அதுவும் அழிந்தது. மூன்று வேளைச் சோறு என்றாள் தையல்காரி. அது நீங்கள் செய்கிற வேலை, சோறு போட்டு என்ன ஆக வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

டீ கொண்டு வந்த சித்திக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. விரல் வேறு விண்விண்ணென்று தெறித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, தையல்காரியை முறைத்தபடி சொன்னாள்.

"என்ன ஆகணும்? வந்தவங்க போகணும். ஒரு வருஷத்துக்கு மேல ஒருத்தரும் இங்க உக்காந்து திங்கக் கூடாது. சொந்தக் கால்ல நின்னு வெளிய போகணும். அதான் குறிக்கோள்."

குறிக்கோள்காரர் மூடியைக் கழற்றிய பேனாவோடு அப்படியே நின்றார். பிறகு கொஞ்சம் நாசூக்காக்கி, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதை எழுதினார். ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொருவரும் சொந்தக் காலில் நிற்க வேண்டும், யாரும் அதற்கு மேல் தங்கக் கூடாது. இதை அளக்கலாம், இதற்கு நாள் இருக்கிறது, இதைச் சொன்னது இந்த வீட்டிலேயே இருக்கிற ஒருத்தர் என்று அவர் குதித்தார். பாப்பா ஓடிவந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள், தையல்காரியைத் தவிர. சித்திக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் கைதட்டு. அன்று மத்தியானம் பருப்பில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

குறிக்கோளில் பிழை ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களை அது எழுப்பி உட்கார வைத்தது. பாப்பா நாயாய் அலைந்தாள். ஒருத்திக்குச் சலவைக்கடையில் வேலை, ஒருத்திக்கு ரொட்டிக்கடையில், இரண்டு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார்கள். போகிறவர்கள் அழுதுகொண்டே போனாலும், ஒரு மாதம் கழித்து வரும்போது நிமிர்ந்து வந்தார்கள். முன்னாலிருந்தே இருக்கிறவர்களுக்கு அந்த வருஷக் கடைசிவரை கெடு என்று முடிவாயிற்று. வாசலிலேயே அதை எழுதியும் வைத்தார்கள்.

சித்திக்குக் கொண்டாட்டம். தான் பெற்ற பிள்ளையைப் போலக் குறிக்கோளைச் சீராட்டினாள். சோறு போடும்போது தையல்காரியின் தட்டுக்கு மேலே கரண்டியை நிறுத்தி, இன்னும் எத்தனை நாள் இந்தச் சாப்பாடு என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பாள். தையல்காரி வாங்கிக்கொண்டு நேரே மெஷினுக்குப் போவாள். வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள் அவள். ஜன்னலடியில் மெஷின் சத்தம் இருட்டுகிறவரை ஓயாது.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் காலை. விறகு நனைந்து புகைந்தது. கூடத்தில் காயப்போட்ட துணிக்குக் கீழே பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். புகையில் கண்ணெரிச்சலோடு வெளியே வந்த சித்தி, கோபத்தைக் கொட்ட இடம் தேடி வழக்கமான இடத்தில் கொட்டினாள்.

"கெடு நெருங்கிடுச்சு. மூட்டையைக் கட்ட ஆரம்பி."

தையல்காரி சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நான் கட்டிக்கிறேன். நீ எப்போ கட்டப்போறே?"

"நானா? நான் எதுக்குடி கட்டணும்?"

"நீயும் அடி வாங்கிட்டு வந்தவதானே. எனக்கு மூணு வருஷம். உனக்கு எத்தனை வருஷம்னு நீயே சொல்லு."

சித்தி சிரித்தாள். பைத்தியத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. காய் நறுக்குகிறவர்கள் காயையே பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது, பேசியும் இருக்கிறார்கள் என்று சித்திக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. கரண்டியோடு நேரே பாப்பாவின் அறைக்குப் போனாள்.

பாப்பாவும் சித்தியின் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள். அவளும் இதை எப்படிச் சொல்வது என்று பல நாளாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்களேதான் சித்தி அந்த ஆலோசகர்கிட்ட சொல்லியிருக்கீங்க, முதல்ல வந்தது நான்தான்னு. பணம் குடுக்கிறவங்களுக்கு அவர் அனுப்பின பட்டியல்ல முதல் ஆளே நீங்கதான். ஒருத்தருக்கு விலக்கு குடுத்தா அப்புறம் அது குறிக்கோளே இல்லைங்கிறார்."

வேலைக்காரியாகச் சேர்த்துக்கொண்டு சம்பளம் போடலாமா என்று யோசித்ததாகவும் பாப்பா சொன்னாள். ஆனால் வேலைக்காரர்கள் ராத்திரி கீழே தங்கக் கூடாது, வெளியே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.  உனக்கு ஊட்டின சோத்துக்கு இப்போ சம்பளமா என்று சித்தி கேட்டாள். பாப்பா அழ ஆரம்பித்தாள். சின்ன வயசில் அவள் அழுதால் சித்தி இடுப்பில் தூக்கிக்கொள்வாள். இப்போது எட்டியே நின்றாள்.

"ஒரே வழிதான் இருக்கு. நீங்க எங்க வீட்டு மனுஷின்னு அம்மா சொல்லணும். மேல அப்பா ரூம் காலியாத்தானே கிடக்கு. மேல இருக்கிறவங்களுக்குக் குறிக்கோள் கிடையாது."

"அதை நீயே சொல்லேன்."

"வீடு அம்மா பேர்ல. நான் கேட்டுப் பார்த்தேன் சித்தி." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இவள் கேட்டது வேறு, நான் கேட்பது வேறு என்று நினைத்துக்கொண்டு சித்தி அன்று மத்தியானமே மாடியேறினாள். அக்கா கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் சித்தி புட்டியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். மழை ஜன்னலில் அடித்தது. எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடவில்லை. விறகு நனைந்ததைப் பற்றிப் பேசினாள். அக்காவும் விறகைப் பற்றியே பேசினாள். பேச்சு விறகைத் தாண்டிவிடக் கூடாது என்று அவள் கவனமாக இருப்பது தெரிந்தது. கடைசியில் சித்திதான் உடைத்தாள். கெடுவுக்குப் பிறகு தான் மேலே வந்து இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"உனக்குக் கீழதானே வசதி. அடுப்படி பக்கத்துல."

"கீழ இருக்கக் கூடாதாமே அக்கா."

"அந்த ரூம் பூரா அவரோட புஸ்தகம்."

"நான் ஒரு ஓரமாப் படுத்துக்குவேன். புஸ்தகத்தைத் தொடமாட்டேன்."

அக்கா பெருமூச்சு விட்டாள். ஒருத்தியை மேலே கூட்டினால் கீழே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். பாப்பாவுக்கு நாளைக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் வீட்டில் இடம் வேண்டாமா என்றாள். சித்தி காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதுதான் அக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"உன்னை யாரோ எவளோன்னா நான் வெச்சிருந்தேன்? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் என் தங்கச்சி மாதிரின்னுதானே சொல்லிட்டு இருக்கேன்."

அக்கா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சித்தி பூரித்துப் போயிருக்கிறாள். அதில் ஒரு 'மாதிரி' இருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

"தங்கச்சின்னா மேல படுத்துக்கலாம். தங்கச்சி மாதிரின்னா கீழயா அக்கா?"

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். "தேய்ச்சது போதும், விடு" என்றாள்.

சித்தி புட்டியை மூடி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கையில் ஒட்டிய தைலத்தை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை.  போகச் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அதற்கு இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு கணக்கா என்று அண்டாவைப் பார்த்துத் திட்டினாள். தையல்காரி மேல்கூட அவளுக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. தையல்காரி கெட்டவள் என்றால் முகத்துக்கு நேரே கெட்டவள்.

அந்தத் தையல்காரிதான் இரண்டு நாள் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை, சித்தி விட்டதில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே முன்னால் கடை, பின்னால் ஓர் அறை என்று இடம் பிடித்திருப்பதாகச் சொன்னாள். சித்தி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அதை என்னிடம் எதற்குச் சொல்கிறாய் என்றாள்.

"எனக்கு உன்னைப் பிடிக்காது. அது வேற. ராத்திரி தனியாப் படுக்க எனக்குப் பயம். எம் புருஷன் கதவை உடைச்சுட்டு வந்துருவானோன்னு இருக்கு. கூட ஒரு பொம்பளை இருந்தா போதும். நீயே ஆனாலும் சரி."

ரொட்டி கருகியது. சித்தி அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினாள்.

"மெஷினை எங்க போடுவே?"

"ஜன்னல்கிட்டதான்."

"அடுப்பு?"

"எங்க வேணா வெச்சுக்கோ."

"சோத்துல நூல் விழக் கூடாது."

"விழும்" என்றாள் தையல்காரி. "பாத்துத் தின்னு."

கெடு முடிகிற நாளில் பணம் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். குறிக்கோள்காரர் பலகையில் அந்த வரியை மறுபடி எழுதி, பக்கத்தில் நின்று பேசினார். வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். இந்த வரியைச் சொன்னவரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நின்று வெளியே போகிறார் என்று அவர் சித்தியைக் கை காட்டினார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். மறுபடி கைதட்டினார்கள். சித்தி, பருப்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாப்பா அவள் பின்னாலேயே எழுந்தவள், என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானச் சாப்பாடு. டாக்டர் காலத்திலிருந்தே அங்கே ஒரே வழக்கம்தான். யாரானாலும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் வர வேண்டும். அன்று விருந்தாளிகளும் சிரித்துக்கொண்டே தட்டோடு நின்றார்கள். மேலே அக்காவுக்குப் போகிற ஒரு தட்டு மட்டும்தான் அந்த வழக்கத்தில் சேராதது. அதைப் போட்டு, மூடி, மாடிக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்துதான் சித்தி கீழே பரிமாறத் தொடங்குவாள். அன்றைக்கு அவள் நேராகக் கீழேயே தொடங்கிவிட்டாள்.

பாதி வரிசை நகர்ந்திருக்கும். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஊன்றி ஊன்றி இறங்குகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அக்கா தனியாக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.  சித்தியின் கை நின்றது. அக்கா இறங்கியே வந்துவிட்டாள், கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் வந்துவிட்டாள் என்று அவள் நினைத்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னாலும் மூட்டையைப் பிரித்துவிடுவாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அதற்காக அவள் அந்த நிமிஷம் ஏங்கினாள்.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு இன்னும் சாப்பாடு வரலையே?"

 சித்தி கரண்டியை அண்டாவுக்குள் விட்டுக் கலக்கினாள்.

"தட்டு அங்க இருக்குங்கம்மா. எடுத்துக்கிட்டு வரிசையில வாங்க."

அத்தனை வருஷத்தில் அவள் அக்காவை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அக்கா பாப்பாவைத் தேடினாள். பாப்பா தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பார்வையெல்லாம் தன் மேல் இருக்கவே, வேறு வழியில்லாமல் அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக, தையல்காரிக்குப் பின்னால் போய் நின்றாள். தையல்காரி திரும்பிப் பார்த்தாள். இடம் விடவில்லை.

முறை வந்தது. எல்லாருக்கும் போடுகிற அளவு சோறு, எல்லாருக்கும் ஊற்றுகிற அளவு பருப்பு. "போதுமாங்கம்மா?" என்று எல்லாரையும் கேட்கிற குரலில் சித்தி கேட்டாள்.  அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்தி அண்டாவைச் சாய்த்து, அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுக் கையைத் துடைத்து, மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.